மிதுனாவின் சிறுமூளையும் நூம்பலில் ஒரு வாரமும்

எங்களுக்கு முன்பே எங்கள் இரத்தம் சென்னைக்குப் போய்விட்டது. என்னுடையது, மனைவி சுகந்தியுடையது, ஆறு வயது மகள் மிதுனாவுடையது என்று மூன்று சிறு குழாய்கள். யாழ்ப்பாணத்தில் எடுத்தார்கள். அவை எந்த வழியாகப் போயின, எவர் கையில் சேர்ந்தன என்று எனக்குத் தெரியாது. சில மாதங்கள் கழித்து அங்கிருந்து அழைப்பு வந்தது. "ரிசல்ட் வந்திருக்கு. குழந்தையை நேர்ல பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும். ஒரு வாரம் தங்குற மாதிரி வாங்க."

நான் பருத்தித்துறைப் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர். எந்தப் பேருந்து எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்வதுதான் என் தொழில். அந்த ஒரு வாரத்தில் நான் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. எனக்குச் சொன்னதும் பாதி விளங்கவில்லை.

மிதுனா நான்கு வயது தாண்டித்தான் நடந்தாள். இப்போதும் கால்களை அகட்டி, ஆடுகிற வள்ளத்தில் நிற்பவளைப் போலத்தான் நடப்பாள். ஒரு கோப்பையை எடுக்கக் கையை நீட்டினால் கை கோப்பையைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். சொற்களை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துச் சொல்வாள். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடமாட்டாள்.

நாங்கள் தங்கியது நூம்பலில், நண்பர் ஒருவரின் உறவினருடைய அடுக்குமாடி வீட்டில். அவருக்குக் கணினி நிறுவனமொன்றில் வேலை. திருநெல்வேலிக்கு விடுமுறையில் போகும்போது சாவியை எங்களுக்காக விட்டுப்போயிருந்தார். மாடியில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் புதுக் கட்டடங்கள். மறுபக்கம் மனைக்கற்கள் நட்ட வெற்று நிலத்தில் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. எருமை ஒன்று மனைக்கல்லில் முதுகைத் தேய்ப்பதை மிதுனா நெடுநேரம் பார்த்தாள். "அப்பா, அந்தக் காணி... அதின்ரையோ?" என்று கேட்டாள்.

முதல் நாள் காலையிலேயே நான் கடையில் அகப்பட்டுக்கொண்டேன். மிதுனாவுக்குக் காலையில் பாண் வேண்டும். பாலில் தோய்த்துச் சாப்பிடுவாள். முனையிலிருந்த தேநீர்க் கடையில் போய், "பாண் இருக்கோ?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதெல்லாம் இங்க விக்கறதில்ல சார். போலீஸ் வந்தா என்னைத்தான் புட்ச்சிக்கினு போவாங்கோ."

பாண் விற்றால் ஏன் போலீஸ் வரும்? நான் விடாமல், "சின்னப் பிள்ளைக்குத்தான்" என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "கொயந்தைக்கா? இன்னா மன்சன்யா நீ?" பக்கத்தில் நின்று தேநீர் குடித்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததை விரலால் காட்டிய பிறகுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார். அது அங்கே பிரெட். அவர் விற்க மறுத்தது வாயில் போட்டு மெல்லுகிற பான் மசாலா, அங்கே தடைசெய்த சாமான். வெட்கத்தோடு, வடகறியும் இட்டலியும் சேர்த்தே வாங்கிக்கொண்டு வந்தேன். கடலைப்பருப்பு வடையை உடைத்துப்போட்ட அந்தக் குழம்பு எங்கள் ஊரில் இல்லாதது. சுகந்தி முதல் வாயிலேயே, "இது சொதிக்கும் மேலை" என்றாள். எங்கள் தேங்காய்ப்பால் சொதியை அவள் விட்டுக்கொடுத்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

மறுநாள் மருத்துவமனை. குமணன்சாவடியில் இறங்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். அந்தச் சாலையில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று மூன்று சாவடிகள். நடத்துனர் ஒவ்வொரு தரிப்பிலும் எதையோ கூவினார். எனக்குக் கேட்டதெல்லாம் "சாடி, சாடி" மட்டும். நான் முழுப் பெயர் வரும் என்று காத்திருந்தேன். அவர் விசில் ஊதும்போதெல்லாம் மிதுனாவும் வாயைக் குவித்து ஊதினாள். பின் இருக்கையில் இரண்டு வடநாட்டு இளைஞர்கள் கைபேசியைப் பார்த்து இந்தியில் வாதாடிக்கொண்டு வந்தார்கள். என்ன சண்டை என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். "சண்டையில்ல சார். அவங்க அம்மா அனுப்புன ஊறுகாயை ரூம்ல எவனோ காலி பண்ணிட்டானாம்" என்றார். அதைச் சுகந்திக்குச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பேருந்து ஊரைத் தாண்டியிருக்க வேண்டும். வெளியே பார்த்தால் வயலும் தொழிற்சாலைச் சுவர்களும் மாறி மாறி ஓடின.

"இன்னா சார் நீ? குமணஞ்சாடி அப்பவே பூட்ச்சு. கூவிக்கினுதான வந்தேன்! இது திருமழிசை. எறங்கு, எறங்கு."

வைத்தியர் குறித்துத் தந்த நேரம் போய்க்கொண்டிருந்தது. நேரக்காப்பாளரின் மனைவி பிழையான இடத்தில் இறங்கி நெடுஞ்சாலைப் புழுதியில் பிள்ளையோடு நின்றாள். நல்லவேளையாக ஓர் ஓட்டோ வந்தது. ஓட்டுநர் தன் பெயரை "ஏயுமலை" என்றார். கண்ணாடியில் ஏழுமலை என்று எழுதியிருந்தது. நாங்கள் அவரை ஏளுமலை என்போம். எழுத்தில்தான் நாங்கள் இரு பகுதியாரும் ஒன்றுசேர வேண்டியிருந்தது.

ஓட்டோ பள்ளத்தில் விழுந்து எழும்பியது. மிதுனா என் மடியில் கிடந்து குலுங்கினாள். "கொஞ்சம் ஆறுதலா..." என்றேன். எங்கள் ஊரில் ஆறுதலா என்றால் மெதுவாக. அவருக்கு அது வேறு மாதிரி விளங்கிவிட்டது. வேகத்தைக் குறைக்காமலே தலையைத் திருப்பினார்.

"கவலப்படாத நைனா. கொயந்தைக்கு ஒண்ணியும் ஆவாது. நம்ம கொரட்டூர்ல ஒர்த்தனுக்கு இப்டித்தான் நடை தள்ளாடிக்கினே இருந்துச்சு. நல்லெண்ணெ தேச்சு, ஏரிக்கரை மண்ணுல முட்டி வரைக்கும் புதைச்சு நிக்க வெச்சாங்கோ. இப்போ பைக்கு ஓட்டிக்கினு கீறான்."

"முன்னுக்குப் பாருங்கோ!" என்று சுகந்தி கத்தினாள். அது மட்டும் அவருக்குச் சரியாக விளங்கியது.

வைத்தியர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. நாங்கள் பிந்தி வந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மிதுனாவை நடக்க விட்டார், தன் விரலையும் அவள் மூக்கையும் மாறி மாறித் தொடச் சொன்னார், ஒரு சிறு வெளிச்சத்தை அசைத்து அதைக் கண்களால் தொடரச் செய்தார். பிறகு ஸ்கேனுக்கு அனுப்பினார். அது முடிந்து வெளியே வரும்போது தாதி வந்து சொன்னார்: "டாக்டர் நாளைக்கு உங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசணும்னு சொன்னாங்க."

சுகந்தியின் முகம் வெளிறியது. நாங்கள் கதைப்போம். பேசுவது என்றால் எங்களுக்கு ஏசுவது. வீடு வந்து சேரும் வரைக்கும் அவள் அதையே கேட்டாள். "ஏன் பேசப் போறா? நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?" இங்கே பேசுவது என்றால் கதைப்பதுதான் என்று நான் விளங்கப்படுத்தினேன். தலையாட்டினாள். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது, "அவா அந்த விழுந்த கதையைக் கேக்கப்போறா" என்றாள்.

விழுந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். மிதுனாவுக்கு எட்டு மாதமாக இருந்தபோது என் தம்பி நிரோஷன் அவளைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். வாளியில் தண்ணீர் தளும்புவதைக் காட்டினால் பிள்ளை சிரிப்பாள். பாசியில் கால் வழுக்கியது. பிள்ளையின் பின்தலை சீமெந்துக் கட்டில் பட்டது. இரத்தம் இல்லை, ஒரு வீக்கம் மட்டும்தான், அதுவும் இரண்டு நாளில் வற்றிவிட்டது. ஆனால் ஓடிவந்த சுகந்தி, "என்ரை பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டியே" என்று கத்தியது வற்றவில்லை. பிள்ளை உட்காரப் பிந்தினாள், நிற்கப் பிந்தினாள். ஒரு வைத்தியர், "அடி சிறுமூளையில் பட்டிருக்கலாம்" என்றார். அவர் சொன்ன "லாம்" எங்கள் வீட்டில் எவருடைய காதிலும் ஏறவில்லை. அடுத்த வருடம் நிரோஷன் பிரான்சுக்குப் போனான். அங்கேயே கலியாணம் முடித்தான். பண்டிகைக்கு ஒரு செய்தி அனுப்புவான், நானும் பதில் அனுப்புவேன். அதற்கு மேல் இல்லை.

மூன்றாம் நாள் வைத்தியரின் அறையில் நாங்கள் இருவரும் நாற்காலி நுனியில் இருந்தோம். மிதுனா தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்க முயன்றுகொண்டிருந்தாள்.

"மூளையில ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்லணும்னா ஒரு பொருளை வெளியே விடும்" என்று தொடங்கினார் வைத்தியர். "குளூட்டமேட்னு பேரு. அமினோ அமிலம்தான். அதைப் புடிச்சுக்கிட்டா அடுத்த செல்லு தூண்டப்பட்டு முழிச்சுக்கும். அப்படிப் புடிக்கிற இடத்தை ரிசெப்டர்னு சொல்வோம்."

பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகம் எனக்கு மங்கலாக நினைவுக்கு வந்தது. "வாங்கியோ?" என்றேன்.

"என்னது?"

"எங்கடை புத்தகத்திலை அதை வாங்கி எண்டு படிச்சனாங்கள்."

அவர் சிரித்தார். "நாங்க ஏற்பின்னு படிச்சோம். வாங்கி நல்லாத்தான் இருக்கு. அந்த வாங்கியில பல வகை உண்டு. அதுல ஒரு வகை சிறுமூளையோட பெரிய செல்கள்லதான் நிறைய இருக்கும். குழந்தையோட சிறுமூளை வளரும்போது மெல்லிசா ஆயிரக்கணக்கான நரம்பு இழைகள் அந்தச் செல்லைத் தேடி வரும். வந்த இழையையும் செல்லையும் சேர்த்துப் புடிச்சு வெக்கிறது இந்த வகை வாங்கிதான். சொல்லப்போனா சேதி வாங்குறதைவிட இந்தக் கொக்கி வேலைதான் அதுக்கு முக்கியம். மிதுனாவுக்கு அதைச் செய்யச் சொல்ற மரபணு ரெண்டு பிரதியும் பழுது. அதனால நிறைய இழைகள் சரியா வந்து ஒட்டலை. நடை, கை, கண், பேச்சு எல்லாத்தையும் சீரா ஓட்டப் பழகுற இடம் அது. அதான் தடுமாறுறா."

எனக்குக் குளூட்டமேட் என்ற சொல் மட்டும் எங்கேயோ கேட்டதாக இருந்தது. சைனீஸ் கடைகளில் உருசிக்குப் போடும் உப்பு. "அப்ப அந்த உப்பைச் சாப்பாட்டிலை கூடப் போட்டால்...?" என்று கேட்டேன். கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. "சாப்பிடுறது அங்க போய்ச் சேராது சார். போனாலும், வாங்குற ஆளே இல்லாத இடத்துக்கு அனுப்பி என்ன பண்றது?"

சுகந்தி இதில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் கண் மேசை மீது இருந்தது. "டொக்டர், பிள்ளை எட்டு மாதத்திலை விழுந்தவள். பின்தலை அடிபட்டது" என்றாள் தாழ்ந்த குரலில்.

"ஸ்கேன்ல அடிபட்ட அடையாளமே இல்லைம்மா. சரி, ஒண்ணு சொல்லுங்க. அதுக்கு முன்னாடி, கைக்குழந்தையா இருந்தப்போ கண்ணு மேலயே பார்த்துக்கிட்டு நின்னுடுமா?"

சுகந்தி நிமிர்ந்தாள். "ஓம். ரெண்டு மூண்டு மாதத்திலையே. நாங்கள் கூரை வளையைப் பாக்கிறாள் எண்டு நினைச்சம். பல்லி ஓடுது, அதைப் பாக்கிறாள் எண்டு..."

"கழுத்து நின்னுச்சா?"

"இல்லை. பிந்தித்தான். விழேக்கையும் தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது."

"இந்த வியாதி அப்படித்தான் ஆரம்பிக்கும். விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. விழாம இருந்திருந்தாலும் இன்னைக்கு இப்படித்தான் நடந்திருப்பா."

சுகந்தி அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். வைத்தியர் சொன்னார். மறுபடியும் சொல்லச் சொன்னாள். மறுபடியும் சொன்னார்.

நோயை மாற்ற மருந்து இல்லை என்றார். தான் பார்த்த வரைக்கும் படிப்படியாகக் கூடிக்கொண்டு போகிற நோய் அல்ல, பயிற்சியால் நடை மெல்ல முன்னேறும், ஆனால் மிக அரிதானது என்பதால் எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். பழுதான பிரதி ஒவ்வொன்று எங்கள் இருவரிடமும் இருந்திருக்கிறது. சுகந்தி என் மாமன் மகள். "அப்ப எங்கடை கலியாணம்தான் பிழையோ?" என்று அவள் கேட்டாள். "உங்க கண்ணுக்குத் தெரியாததுக்கு நீங்க எப்படிம்மா பொறுப்பு? அடுத்த குழந்தை வேணும்னா முன்னாடியே சோதிச்சுப் பார்க்க வழி இருக்கு. அதை அப்புறம் பேசலாம்" என்றார் வைத்தியர்.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றோம். சந்தோசப்படுவதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளை காலையில் எப்படி இருந்தாளோ அப்படியேதான் இருந்தாள். மருந்தும் இல்லை. ஆனாலும் நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. இறக்கிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. மாமன் மகளைக் கட்டி வாழ்ந்த என் ஊர் முழுவதும் நினைவில் வந்துபோனது. ஒரு கடையில் எலுமிச்சைச் சோறு வாங்கினோம். உப்பு இருந்ததா, இல்லையா என்று இருவருக்கும் நினைவில்லை.

"தம்பிக்குச் சொல்லுங்கோ" என்றாள் சுகந்தி.

அன்று மாலை மொட்டைமாடியில் நின்று அழைத்தேன். குரலைக் கேட்டதும் நிரோஷன் பயந்துவிட்டான். "ஆருக்கு என்ன அண்ணா?" என்றான். ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்றேன். வைத்தியர் சொன்னதை என்னால் முடிந்த அளவுக்குச் சொன்னேன். வாங்கி, கொக்கி, இழை என்று எல்லாவற்றையும் குழப்பித்தான் சொன்னேன். அவன் அதில் ஒன்றையும் கேட்கவில்லை.

"அப்ப நான் விழுத்தினதாலை இல்லையோ?"

"இல்லையடா. அதுக்கு முதலே கண் மேலை நிண்டது உனக்கும் தெரியும்தானே? பிறக்கேக்கையே அப்பிடி."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்றை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அண்ணா" என்றான். "என்ரை மகனுக்கு அஞ்சு மாதம். நான் இன்னும் அவனை நிண்டுகொண்டு தூக்கினதில்லை. கதிரையிலை இருப்பன். மனுசி கொண்டுவந்து மடியிலை வைப்பாள். எழும்ப முதல் வந்து எடுக்கவேணும். ஏன் எண்டு அவளுக்கு நான் சொன்னதில்லை."

அவனுக்கு மகன் பிறந்ததே எனக்கு ஒரு செய்தியாகத்தான் தெரியும். எருமைகள் போய்விட்ட வெற்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுகந்தி கையை நீட்டிக் கைபேசியை வாங்கினாள். மாடியின் மறுகோடிக்குப் போய் அவனோடு கதைத்தாள். நான் அருகில் போகவில்லை. அவள் திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. அவளோடு படியிறங்கினேன்.

அடுத்த நாள்களில் பயிற்சி. இரண்டு பக்கமும் கம்பி பிடித்து நடப்பது, தரையில் உட்கார்ந்து பந்தை உருட்டுவது, கண்ணாடி முன் நின்று நிமிர்வது. கணுக்கால் மூடிய தடித்த சப்பாத்து வேண்டும் என்றார்கள். அதைத் தேடி ஏழுமலை எங்களை ஆவடிக்குக் கூட்டிப்போனார். தனக்கு எல்லாக் கடையும் தெரியும் என்றவர், முதலில் கொண்டுபோய் நிறுத்தியது பொலிஸ்காரருக்கான சீருடைக் கடையில். "சூ-ன்னா சூதான நைனா?" என்றார். அங்கே இருந்தவர், குழந்தைக் கால் அளவில் பூட்ஸ் தைப்பதில்லை என்று பொறுமையாக விளக்கி, சந்தைப் பக்கத்துக் கடைக்கு வழி சொன்னார். அங்கே கிடைத்தது. சிவப்பு நிறம். மிதுனா அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்து, செருப்பு அடுக்கொன்றைச் சரித்துவிட்டாள். கடைக்காரரும் ஏழுமலையும் அதைக் குனிந்து அடுக்கியபோது எந்தச் செருப்பு எந்தச் சோடி என்று இருவருக்கும் வாக்குவாதம். மிதுனா இடையில் புகுந்து, "அது... இடதுகால்... இது... வலதுகால்" என்று நீதி சொன்னாள்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் மத்தியானம், சுகந்தி துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. காணொளி அழைப்பு. திரையில் முதலில் ஒரு குசினிச் சுவரும் அடுப்பும் ஆடின. கைபேசியைப் பிடித்திருந்தது நிரோஷனின் மனைவி. பிறகு நிரோஷன் தெரிந்தான். நின்றுகொண்டிருந்தான். முன்தலை மயிர் கொட்டியிருந்தது. இரண்டு கையாலும் மகனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். முழங்கைகள் விறைத்து நின்றன. எங்களைப் பார்க்கவில்லை, தன் கால் வைக்கும் தரையையே பார்த்தான். ஓர் அடி வைத்தான், நின்றான். இன்னோர் அடி வைத்தான். பிள்ளை முகம் சிவந்து வீரிட்டு அழுதது.

மிதுனா சப்பாத்தோடு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் தலையை நுழைத்துத் திரையைப் பார்த்தாள்.

"ஆர்... இது?"

"உன்ரை சித்தப்பா" என்றேன்.

அவள் கொஞ்சநேரம் கவனித்தாள். "சித்தப்பா... இறுக்கிப் பிடிக்கிறார். பிள்ளைக்கு... நோகும்."

இழுத்துச் சொன்னதால் அங்கே விளங்கவில்லை போலும். நிரோஷன் தலையைத் தூக்கி, "என்னவாம்?" என்று கேட்டான். சுகந்தி மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனாள்.

"கொஞ்சம் தளத்திப் பிடியும் தம்பி" என்றாள். "விழான்."

நிரோஷன் கையைக் கொஞ்சம் தளர்த்தினான்.